கோல் வித்தியாச ஜோசியம்

சுண்ணாம்புக் குன்றுகளைக் குடையும் லாரிகள் ஓயாமல் புழுதி கிளப்பும் சிம்பாங் பூலாயில் குடியிருப்பவனுக்கு, ஈப்போவின் அஸ்லான் ஷா அரங்கம் கூப்பிடு தூரத்தில் வாய்த்தது பாக்கியமா பூர்வஜன்ம வினையா என்று இன்றளவும் என்னால் நிச்சயிக்க முடியவில்லை. 1983இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா ஹாக்கிக் கோப்பையின் விதி வெகு சுலபமானது: வந்த குழுக்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஆடும், ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் செய்தால் ஒன்று, முதலிரண்டு இடத்தாருக்கு இறுதி ஆட்டம். இவ்வளவு சுலபமான விதியிலிருந்து எவ்வளவு கிலேசத்தை உற்பத்தி செய்யலாம் என்று அறிய விரும்புவோர், மலேசியா ஒன்றில் தோற்று மற்றொன்றில் சமன் செய்து தொங்கிக்கொண்டிருக்கும் நாளின் காலையில், எங்கள் கோப்பிக்கடைக்கு வரவேண்டும்.

அங்கே, ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர், தே தாரிக் ஆறிப்போவதையும் கவனியாமல், நம்பர் சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கொரியா தோற்கவேண்டும், ஆனால் இரண்டு கோலுக்குமேல் தோற்கலாகாது; பாகிஸ்தானும் ஜப்பானும் சமன் செய்யவேண்டும், அதுவும் கோல் விழாமல்; ஆஸ்திரேலியா இறுதிக்குத் தேறிவிட்ட அலுப்பில் இளைஞர்களை இறக்கவேண்டும். இத்தனை கிரகங்களும் அனுகூலமாக நின்றபின், கடைசி வரியில் ஓர் அற்ப சம்பிரதாயம்போல, மலேசியா நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கவேண்டும் என்று எழுதியிருக்கும்.

"ஐயா, நாமதானே ஜெயிக்கணும்?" என்று கேட்டால், "அது கிடக்கட்டும் தம்பி, கொரியாக்காரன் மட்டும் கொஞ்சம் மனசு வெச்சா போதும்லா" என்பார்.

இந்தியா தோற்றால்தான் நமக்கு வழியுண்டு என்று கணக்கு விடை சொல்லும் வருஷங்களில் மேஜையைச் சூழும் தர்மசங்கடத்தை வர்ணிப்பது எளிதன்று. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், இந்தியாவுக்கு எதிராக மலேசியா 2–1 என்று முன்னணியில் நிற்க, ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்த தருணத்தில், அஸ்லாம் ஷேர் கான் என்ற இளைஞர் மாற்று ஆட்டக்காரராக வந்து, கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டுப் பெனால்டி கார்னரில் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மிச்சத்தையும் முடித்துவைத்தார். பெரியவருக்கு அந்தத் தாயத்தின்மீது இன்றும் தீராத கோபம். இந்தியாவின்மீது துளியும் இல்லை. இறுதியில் இந்தியா பாகிஸ்தானை வென்றபோது ஆனந்தப்பட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். பக்ஷபாதமற்ற மனிதர் என்று இதற்காக அவரை மெச்சுவதா, இரண்டு பக்கமும் பக்ஷபாதமுள்ளவர் என்பதா?

2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம்தான் அவர் சாஸ்திரத்துக்குப் பேரிடி. தங்கம் வென்றால் தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரே டிக்கெட். மலேசியா 5–2 என்று முன்னே நின்றது. கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாததால் பெரியவர் அன்று பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஜப்பான் துரத்தி வந்து, கடைசி நிமிஷத்தில் 6–6 ஆக்கி, ஷூட் அவுட்டில் தங்கத்தை அள்ளிக்கொண்டது. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் ஜப்பானுக்கு ஒலிம்பிக்கில் ஏற்கனவே இடமுண்டு. விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரரே பந்தியில் நம் இலையையும் இழுத்துக்கொண்ட மாதிரி! 2000ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு மலேசிய ஹாக்கி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவில்லை என்பதையும் இங்கே நினைவுகூர்வது அவர் புண்ணில் உப்பிடுவதாகும். ஆயினும் நான் அடிக்கடி நினைவூட்டுகிறேன்.

1985, 2007, 2009, 2013, 2014 என்று ஐந்து முறை அஸ்லான் ஷாவில் இரண்டாம் இடத்தோடு திருப்தியடைந்த மலேசியா, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் வராத 2022 நவம்பரில், தென்கொரியாவை 3–2 என்று வென்று முதன்முதலாகக் கோப்பையை எடுத்தது. ஈப்போவே ஆரவாரித்த அந்த இரவுக்குப்பின், பெரியவர் வெகுநாள் தேக அசௌக்கியமுற்றவர்போலக் காணப்பட்டார். கணக்கு இல்லை, நிபந்தனை இல்லை, கொரியாக்காரனின் தயவும் வேண்டியதில்லை. ஆயுள் முழுதும் செய்துவந்த உத்தியோகத்திலிருந்து இரண்டாம் முறையாக அவரை ஓய்வுபெறச் செய்துவிட்டார்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் மலேசியா தகுதி பெறவில்லை. அஸ்லான் ஷா கோப்பை 2024இல் ஜப்பானுக்கும், 2025இல் இந்தியாவை 1–0 என்று வென்ற பெல்ஜியத்துக்கும் போயிற்று. பெரியவர் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறார்.