இன்னும் மூன்றே இடங்கள்

புராடக்ட் மேனேஜர் ஆகத் துடிக்கும் ஐ.டி. மக்களே, சீக்கிரம் வாருங்கள். இன்னும் மூன்றே இடங்கள்தான் பாக்கி. சலுகை இன்று இரவு 11.59 மணியோடு முடிகிறது. வகுப்பு நடப்பது இணையத்தில்தானே, அங்கே இடம் எப்படித் தீரும் என்று கேட்பவர் இந்தத் துறைக்கே லாயக்கில்லாதவர். நாளைக்கு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதே மூன்று இடங்கள், அதே 11.59.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வியாபாரத்தில் கூடாத 13 தகிடுதத்தங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பட்டியலில் முதலாவதே பொய் அவசரம்தான்: இல்லாத தட்டுப்பாட்டை இருப்பதாகக் காட்டி, பதறவைத்து வாங்கவைப்பது. இந்த கோர்ஸ்களின் பாடத்திட்டத்தைப் புரட்டினால் எட்டாவது வாரமோ ஒன்பதாவது வாரமோ ‘நேர்மையான வடிவமைப்பு’ என்று ஒரு பாடம் தென்படும். எதைச் செய்யக்கூடாது என்பதற்கான செயல்முறை விளக்கம்தான் முகப்பிலேயே நொடி நொடியாக ஓடிக்கொண்டிருக்கிறதே!

பாடத்திட்டத்தைப் பார்க்க போன் நம்பர் கொடுத்தீர்கள் அல்லவா? தீர்ந்தது. “சார், இப்போ சி.டி.சி. எவ்வளவு சார்? லேஆஃப் சீசன் சார், இப்படி யோசிச்சுக்கிட்டே இருந்தா எப்படி சார்?” பேசுகிறவருக்குப் பெயர் கரியர் கவுன்சிலர். அந்தப் பையனைத் திட்டாதீர்கள். பி.இ. முடித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், மாத டார்கெட்டைத் தலையில் சுமந்துகொண்டு பேசுகிறவனாக இருப்பான். பிழைக்க வழியில்லாதவனைப் பிடித்து ஊருக்கெல்லாம் வழிகாட்டியாக உட்காரவைத்த புண்ணியவான்கள் போனில் வரமாட்டார்கள். அவர்கள் மேடையில் ‘கல்வியை ஜனநாயகமாக்குவது’ பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கட்டணம் லட்சத்தைத் தாண்டும். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆனால் கவலை வேண்டாம், வட்டியில்லா இ.எம்.ஐ. உண்டு. அது தவணை அல்ல, ஏதோ ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் வாங்கிய கடன் என்பது மூன்றாம் வாரம் வகுப்பு பிடிக்காமல் போகும்போதுதான் தெரியவரும். கோர்ஸை விட்டு நீங்கள் விலகலாம். கடன் உங்களை விட்டு விலகாது. கட்டாமல் விட்டு சிபில் ஸ்கோர் சரிந்த பிறகு வீட்டுக் கடனுக்குப் போய் நின்றால், வங்கி மேலாளரிடம் அந்தப் பாடத்திட்டத்தை நீட்டிப் பாருங்கள். 2024 நவம்பரில் அதே நுகர்வோர் ஆணையம் பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களுக்குக் கடிவாளம் போட்டு, வேலை உறுதி என்று அளக்கக்கூடாது என்றது. அதனால் என்ன? ‘வேலைவாய்ப்பு உதவி’ என்று சொல்லிக்கொள்ளலாமே. உதவி என்றால், வேலை தேடும் தளங்களில் நீங்களே பார்க்கக்கூடிய விளம்பரங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவது.

புராடக்ட் மேனேஜர் தொழிலின் பூர்விகத்தைக் கேட்டால் இன்னும் கோபம் வரும். 1931-ல் புராக்டர் அண்ட் கேம்பிள் சோப்பு கம்பெனியில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் முழுப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும். விற்பனை மந்தமான ஊருக்கு அவரே போய்க் கடைக்காரரிடமும் வாங்குகிறவரிடமும் பேசிக் காரணம் கண்டறிய வேண்டும் என்பது அதன் சாரம். புராடக்ட் மேனேஜ்மென்ட் முளைத்தது அங்கேதான் என்பார்கள். பிற்பாடு அந்த மனிதர் அமெரிக்காவின் பாதுகாப்புத் துறை அமைச்சராகவே ஆனார். சான்றிதழ் எதுவும் இல்லாததால், இன்று அவர் விண்ணப்பித்தால் ரெஸ்யூமே வடிகட்டியைக்கூடத் தாண்டமாட்டார்.

சான்றிதழ் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பு தரும் ‘புராடக்ட் ஓனர்’ பட்டத்துக்கு இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்தால் போதும், தேர்வே கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அறிவு காலாவதியாகிவிடுமாம், டாலர் பட்டால் உயிர்த்துக்கொள்ளுமாம். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் ஷ்வேபர் 2009-ல் வெளியேறி ஸ்க்ரம் டாட் ஆர்க் என்ற தனிக்கடை போட்டார். அங்கே வகுப்பு கட்டாயமில்லை. 85 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, காலாவதி கிடையாது. இரண்டுக்கும் அடிப்படையான ஸ்க்ரம் கைட் இருபது பக்கத்தைத் தொடாத சிறு நூல், இணையத்தில் இலவசம். பஸ் பயணத்தில் படித்துவிடலாம். ஆனால் இலவசமாகப் படித்ததை லிங்க்டினில் சட்டம் போட்டு மாட்ட முடியாதே!

சரி, லட்சம் கட்டிய வகுப்பில் என்ன நடக்கிறது? பயனரைப் புரிந்துகொள்வது எப்படி என்று கற்றுத்தருகிறார்கள், ஒரு பயனரையும் பார்க்காமல். ‘ராகுல், வயது 28, பெங்களூரு, காபிப் பிரியர், நேரமில்லாதவர்’ என்று கற்பனையில் ஒருவரைப் பிரசவித்து, அவருடைய வலிகளை மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டுகிறார்கள். ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் ரேகை பதியாமல் மூன்றாவது தடவை விரலைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாரே ஒரு பாட்டி, அவருக்கு எந்த வகுப்பிலும் மஞ்சள் சீட்டு கிடையாது. அவருக்குக் காபி பிடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு ரைஸ் சூத்திரம். எத்தனை பேரைச் சேரும், எவ்வளவு பலன், எவ்வளவு நம்பிக்கை என்பதைப் பெருக்கி உழைப்பால் வகுத்தால், எதை முதலில் செய்வது என்று வந்துவிடும். நல்ல சூத்திரம்தான், குறை சொல்லவில்லை. ஆபீசில் அது நடக்கிற விதம் வேறு. முதலாளியின் மச்சான் கேட்ட வசதி பட்டியலின் உச்சிக்கு வரும்வரை நம்பிக்கைக் கட்டத்தில் எண்ணை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இதை மட்டும் ஒரு பயிற்றுநர் மனம்விட்டுச் சொல்லிக்கொடுத்தால், வீட்டை விற்றாவது கட்டணம் கட்டலாம்.

கோர்ஸ் வியாபாரியை மட்டும் வைது என்ன பயன்? அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது கம்பெனிதான். அப்ரைசல் படிவத்தில் ‘தொழில்முறை வளர்ச்சி’ என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் ரேட்டிங் விழும். வாடிக்கையாளரைப் பார்க்க சேலம் வரை போய்வருகிறேன் என்று பஸ் செலவு கேட்டால் பட்ஜெட் இல்லை. சப்போர்ட் அழைப்புகளை ஒருநாள் கூட இருந்து கேட்கிறேன் என்றால் ஸ்பிரின்ட் கெட்டுவிடும். ஒரு பைசா செலவில்லாமல் ஆபீசுக்குள்ளேயே கற்கக்கூடியதை எல்லாம் பூட்டிவைத்துவிட்டு, சனி ஞாயிறில் சொந்தக் காசில் போய்க் கற்றுக்கொண்டு வா என்று விரட்டுகிறார்கள். கற்று வந்தபின்னும் வேலை என்னவோ மேலிடம் முடிவு செய்ததை ஜிராவில் டிக்கெட்டாகத் தட்டுவதுதான்.

ஆகவே, எந்த கோர்ஸைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் மேலாளரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நம் பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவரிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது எந்த வருஷம் சார்? பதில் வராது. அடுத்த காலாண்டில் ஆட்குறைப்புப் பட்டியல் வரும், உங்கள் பெயரோடு. அதற்கும் ஒரு கோர்ஸ் தயாராக இருக்கிறது: ‘லேஆஃபுக்குப் பின் லீடர்ஷிப்’, பன்னிரண்டு வாரம். இ.எம்.ஐ. வசதி உண்டு, சம்பளச் சீட்டு மட்டும் மூன்று மாதத்துக்குக் கேட்பார்கள்.