தொந்திய வளர்ச்சின்னு எழுதாதலே

ஏலே பேராண்டி, அமெரிக்காவுல யூட்டா மாகாணத்துக்குக் காடு படிக்கப் போயிருக்க. சந்தோசம். போன கையோட, "தாத்தா, இங்க ஆண் மரந்தான் நல்லாப் பெருக்குது, பெண் மரம் பின்தங்கிப் போகுது"ன்னு போன்ல மீசைய முறுக்கிக்கிட்டுச் சொன்ன பாரு, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். ஆச்சி காதுல விழுந்துட்டு. அன்னைக்கு ராத்திரிக் கஞ்சிக்குத் தொவையல் வரல. ஆராய்ச்சி உன்னுது, பட்டினி என்னுது.

நீ சொன்னது பொய்யின்னு சொல்ல வரல. பனங்காட்டுல பொறந்தவனுக்கு இது புதுச் சங்கதியா? பாளை தள்ளுத வரைக்கும் எது அலகுப்பனை, எது பருவப்பனைன்னு எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது. பத்துப் பன்னெண்டு வருசம் காத்துக் கெடக்கணும். உன் குளிர்தேசத்துக் காட்டுலயும் பூக்குத வயசு வரைக்கும் ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணு போலத்தான் வளரும். வம்பு பெறகுதான். ஆம்பிளை மரம் வசந்தத்துல கொஞ்ச நாள் மகரந்தத்தைக் காத்துல தூத்திட்டு, கைய ஒதறிட்டு நின்னுக்கிடும். அதுக்கும் செலவு உண்டு, நைட்ரஜன் நெறையப் போகும், இல்லங்கல. ஆனா சீக்கிரம் தீந்து போற செலவு. பொம்பளை மரம் அப்படியா? காயப் பிடிக்கணும், மாசக்கணக்கா சொமக்கணும், விதைக்குள்ள சத்த ரொப்பணும். இலை சம்பாதிச்ச சர்க்கரையில அம்புட்டும் போக மிஞ்சுனதுதான் தண்டுக்கு. வேலைய முடிச்சிட்டுத் திண்ணையில சாஞ்சவனுக்கு இடுப்பு பெருக்காம வேற என்ன செய்யும்? நீ டேப்பு பிடிச்சு அளந்துட்டு வந்தியே, அது பாதி தொந்திலே.

அடுத்த தடவ போகையில டேப்போட ரெண்டு வலைத்தொட்டியும் தூக்கிட்டுப் போ. பெண் மரத்தடியில வச்சு, விழுகுத விதைய எல்லாம் காயப்போட்டு நிறுத்துப் பாரு. தண்டுல ஏறுனதையும் விதையில எறங்குனதையும் கூட்டிட்டுப் பெறகு பேசு.

உன் வாசல்லயே பாக்ஸ் எல்டர் நிக்குதுன்னு போட்டோ அனுப்புனியே, மேப்பிள் ஜாதி, அத மொதல்ல பாரு. ஆம்பிளைன்னா இலை விரியுததுக்கு முந்தியே மெல்லிசு நூலுல செவப்பு நுனியோட பூ கொத்தாத் தொங்கும். காத்து ரெண்டு தடவ அடிச்சா தூளு பறந்துரும், சோலி முடிஞ்சுது. பொம்பளைன்னா ரெட்டை ரெட்டையா எறக்கை வச்ச விதை. இலையெல்லாம் உதுந்து பனி கொட்டுத காலத்துலயும் காஞ்ச விதைக்கொத்து கெளையில சலசலத்துக்கிட்டு இருக்கும். இந்த மரத்தப் பத்தி டாசன், ஏலரிங்கருன்னு ரெண்டு பேரு உன் யூட்டாவுலயே அலசி 1993-ல எழுதியிருக்காங்க. ஓடைக்கரையில பொம்பளை மரம் அதிகம், வறண்ட மேட்டுல ஆம்பிளை அதிகம். கரையில நிக்குதவ இலைத்துளையத் தாராளமாத் தொறந்து வச்சு, தண்ணிய இழுத்து, ஆம்பிளைய முந்திக்கிட்டு வளருதாளாம். ஆம்பிளை, மண்ணு காஞ்சா சட்டுனு துளைய மூடிட்டு இறுக்கிப் பிடிச்சு நாளத் தள்ளுவான். நீ எங்கன நின்னு அளந்த? கார் போற மேட்டுப் பாதையிலதான? ஓடைக்கு எறங்க முட்டி வலிச்சிருக்கும். இந்த வயசுல எனக்கே வலிக்கல.

உன் மாகாணத்துல பாண்டோன்னு ஒரு ஆஸ்பென் தோப்பு இருக்கு. ஒரே வேருல கெளம்பி 43 ஹெக்டேர் பரந்து, சுமார் 6,000 டன் எடை. அது ஆம்பிளையாமே! அதுக்குள்ள குதிக்காத. அதே ஆஸ்பென் கொலராடோ மலையில, பொம்பளைதான் ஆம்பிளைய விட நல்லா வளருதுன்னு கிராண்ட், மிட்டன் ரெண்டு பேரும் 1979-லயே அளந்து சொல்லிட்டாங்க. பஞ்சு போல விதை, சொமை கம்மி, அதான்னு எனக்குத் தோணுது. நீதான படிச்சவன், காரணத்தக் கண்டுபிடி.

இன்னொண்ணு கேளு. நியூ ஜெர்சியில வரிமேப்பிள்னு ஒரு சின்ன மரம். நாலு வருசம் விடாமப் பாத்ததுல பாதிக்கு மேல பால் மாறிக்கிட்டுதாம். இந்த வருசம் அவன், அடுத்த வருசம் அவ. கெளை ஒடிஞ்சு சீக்குப் பிடிச்ச மரம் பொம்பளையா மாறி, கையில இருக்கதையெல்லாம் விதையில போட்டுட்டுப் போய்ச் சேருது. செத்ததுல நாலுக்கு மூணு கடைசியாப் பொம்பளையாத்தான் நின்னுதாம். 2019-ல வந்த சேதி. இத வச்சு, "பாத்தியா, பொம்பளை மரத்துக்குத்தான் ஆயுசு கம்மி"ன்னு எழுதிப்புடாத. சாகப் போற மரந்தான அவளா மாறுது? வியாதியையும் அவளையும் பிரிச்சுப் பாக்கத் தெரியலன்னா நீ படிச்ச படிப்பு எதுக்கு?

ஸ்காட்லாந்துல ஃபோர்டிங்கால் ஊர்க் கோயில் முற்றத்துல ஒரு யூ மரம். ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேல இருக்கும்ங்காங்க. கணக்கெடுத்தவன் எல்லாம் ஆம்பிளைன்னே எழுதி வச்சிருந்தான். 2015-ல உச்சிக்கெளை ஒண்ணுல செவப்புப் பழம்! மத்த கெளையெல்லாம் ஆம்பிளையாவே நிக்க, அது மட்டும் மாறிட்டு. அதனால உன் காட்டு மரங்கள்ல ஆண், பெண்ணுன்னு பெயிண்டால எழுதியிருந்தா மொதல்ல சொரண்டிரு. சாக்பீஸ் போதும். எழுதிட்டு ஆச்சிக்கு ஒரு போன் போடு, தொவையல் பாக்கி நிக்குது.