பூட்டு சக்கரத்துக்கு, சைக்கிள் திருடனுக்கு!

மாடிப்படிக்குக் கீழே பூட்டித்தான் நிறுத்தினேன். காலையில் காணோம். பூட்டை உடைத்த சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லையே, எப்படி?
*– காலனிவாசி, குரோம்பேட்டை*

உடைத்தால்தானே சத்தம் கேட்கும்? சைக்கிளோடு வரும் வளையப் பூட்டுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: பின் சக்கரத்தைச் சுற்ற விடாது. அதனால் திருடன் ஓட்டிக்கொண்டு போக முடியாது, அவ்வளவே. தோளில் போட்டுக்கொண்டு போகலாம். பின் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து முன் சக்கரத்தில் உருட்டலாம். தெருமுனையில் குட்டியானை நின்றால் ஏற்றிவிடலாம். தாத்தா காலத்து சைக்கிள் 20 கிலோ, தூக்குகிறவனுக்கும் மூச்சு வாங்கும். இப்போதைய அலுமினிய சைக்கிள் பல 14 கிலோவைத் தாண்டுவதில்லை. 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மூன்றாம் மாடிக்குச் சுமக்கிற ஊரில் இது ஒரு சுமையா?

அந்தப் பூட்டு டீக்கடை வாசலுக்குப் போதும், கண் சைக்கிள் மேலேயே இருக்கும் என்றால். ராத்திரிக்குப் போதாது. அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டினால்தான் அது பூட்டியதாகக் கணக்கு.

அசையாத ஒன்றுக்கு எங்கே போவது? நாங்களே வாடகைக்கு இருக்கிறோம்.
*– ஒண்டுக்குடித்தனம், திருச்சி*

முதலில், எதில் பூட்டக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். மோட்டாரிலிருந்து மேலே போகும் பிவிசி பைப்பில் சைக்கிளைப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆக்ஸா பிளேடு, ஒரு நிமிஷம். சைக்கிளும் போகும், மாடிக்குத் தண்ணீரும் போகும். மாடிப்படிக் கைப்பிடிக் கம்பி பார்க்க உறுதியாகத்தான் தெரியும். ஆனால் அதன் மேல் முனை எங்கும் சேராமல் நின்றால், சைக்கிளைப் பூட்டோடு உயர்த்தி வளையல் கழற்றுகிற மாதிரி உருவிவிடலாம். ஜன்னல் கிரில்லில் பூட்டுவதானால் கம்பியின் தடிமனைச் சங்கிலியோடு வைத்துப் பாருங்கள். திருடன் மெல்லியதைத்தான் வெட்டுவான். உங்கள் பூட்டின் விலையை அவன் மதிக்க வேண்டும் என்று கட்டாயமா?

சொந்த வீடென்றால் காங்கிரீட் தரையிலோ சுவரிலோ ஆங்கர் போல்ட் இறக்கி, கெட்டியான இரும்பு வளையம் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தியதும் போல்ட்டின் தலையை உருட்டிவிடுங்கள், அல்லது ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் வைத்திருப்பவன் வளையத்தையும் சேர்த்து எடுத்துப் போவான்.

ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார் என்பது உங்கள் கஷ்டம். 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றில் காங்கிரீட் கலவையைக் கொட்டி, நடுவில் வளையம் வைத்த கம்பியை ஆழமாகப் புதைத்து இறுக விடுங்கள். இறுகிய பிறகு ஏறக்குறைய 48 கிலோ. அதையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் திருடப் போகமாட்டான், பளு தூக்கும் போட்டிக்குப் போவான். வீடு காலி செய்யும்போது வாளியையும் கொண்டுபோகலாம். லோடுமேன் உங்களைப் பற்றிச் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று சைக்கிள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் கோத்துவிடுவது இதைவிடச் சுலபம்.

நாலு நம்பர் பூட்டு வாங்கினேன். 10,000 விதம் இருக்கிறதாம். தைரியமாக இருக்கலாமா?
*– கணக்கு வாத்தியார், விருதுநகர்*

கணக்கு சரி, ஐயா. ஆனால் திருடன் பத்தாயிரத்தையும் போட்டுப் பார்க்கப்போவதில்லை. கேபிளை கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டுப் போவான். நம்பரை அப்படியே உங்களிடம் விட்டுவிடுவான், நினைவுப் பொருளாக. அது உங்கள் பிறந்த வருஷமாக இல்லாமலிருந்தால் அதுவே பெரிய ஆறுதல்.

வெளியே போகும்போது சுமக்க வேண்டுமே என்று லேசான பூட்டு வாங்குகிறோம், அது நியாயம். வீட்டில் வைக்கிற பூட்டை யார் சுமக்கப் போகிறார்கள்? அது அங்கேயே கிடக்கும். அதனால் வீட்டுக்கு மட்டும் தனியாக, எவ்வளவு கனமானது கிடைக்கிறதோ அவ்வளவு கனமானதாக வாங்குங்கள். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைத்தெருவில் பத்து நிமிஷம் நிற்கிற சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, வீட்டில் எட்டு மணி நேரம் இருட்டில் நிற்கிற சைக்கிளுக்குப் பூட்டே கிடையாது, ‘கேட் சாத்தியிருக்கே’ என்ற நம்பிக்கை மட்டும். கடைத்தெருத் திருடனுக்கு அவசரம். வீட்டுக்கு வருகிறவனுக்கு விடியும்வரை அவகாசம்.

சங்கிலி என்றால் உரமேற்றிய எஃகாகப் பாருங்கள். 16 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் கையால் வெட்டும் போல்ட் கட்டர் பெரும்பாலும் தோற்றுப்போகும். கிரைண்டர் மிஷின் வைத்திருப்பவன் எதையும் அறுப்பான். ஊரே எழுந்துவிடும் என்கிறீர்களா? எழாது. பக்கத்து வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கிறது என்று புரண்டு படுக்கும்.

விலை அதிகமான பூட்டு என்றால் திறக்கவே முடியாதா?
*– தொழிலதிபர் (எதிர்கால), ஓசூர்*

2004-ல் அமெரிக்காவின் பெயர்பெற்ற கிரிப்டோனைட் பூட்டுகள் சிலவற்றை ஒரு சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் சொருகித் திறந்து காட்டினார்கள். வட்டச் சாவித் துளை உள்ள ரகம் அது. கம்பெனி பூட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு மாற்றிக் கொடுத்தது. பிரிட்டனில் ‘சோல்ட் செக்யூர்’ என்ற அமைப்பு பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. பெட்டி மேல் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலைச்சீட்டை அப்புறம் பார்க்கலாம்.

நாய் வளர்த்தால் போதாதா?
*– பிராணிப் பிரியர், கோவை*

எந்த ஜாதி என்று சொல்லவில்லையே. சில நாய்களின் விலைக்கு நாலு சைக்கிள் வாங்கலாம். அப்புறம் நாய்க்கும் பூட்டுத் தேட வேண்டிவரும்.

சைக்கிளில் எந்த இடத்தில் பூட்டைக் கோக்க வேண்டும்? முன் சக்கரத்தில் போட்டால் சுலபமாக இருக்கிறது.
*– புது கியர் சைக்கிள்காரன், வேளச்சேரி*

உங்களுக்கு மட்டுமா சுலபம்? குயிக் ரிலீஸ் லீவரைத் திருப்பினால் முன் சக்கரம் கையோடு வந்துவிடும். காலையில் போனால் பூட்டிய சக்கரம் மட்டும் பத்திரமாக இருக்கும். மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் சொன்ன வழி: பின் சக்கரத்தின் ரிம்மை, பின் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் வரும் இடத்தில் யு-லாக்கால் பிடித்து, தூணோடு பூட்டுவது. ரிம்மை அறுக்காமல் சக்கரத்தை அந்த முக்கோணத்திலிருந்து வெளியே இழுக்க முடியாது. சக்கரம், ஃபிரேம் இரண்டுக்கும் ஒரே பூட்டு.

பூட்டு தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடி மேல் முழு உடம்பு எடையையும் போட்டு அமுக்கலாம். அந்தரத்தில் இருந்தால் கை பலம் மட்டும்தான். லீவருக்குப் பதில் ஆலன் கீ போட்டு முடுக்குகிற ஆக்சிலை மாற்றித் தரச் சொல்லி கடையில் கேளுங்கள், செலவு அதிகம் ஆகாது.

பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள். எல்லாருடையதும் ஒரே மாதிரி. தெருவில் தொலைந்தால் என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்?
*– ப்ளஸ் ஒன் மாணவி, பெரம்பலூர்*

நல்ல கேள்வி, பாப்பா. பெரியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை பார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு பெடலையும் சேர்க்கிற குழாயின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார். பெரும்பாலும் அங்கேதான் ஃபிரேம் நம்பர் குத்தியிருக்கும். இல்லாவிட்டால் சீட்டுக்குக் கீழுள்ள குழாயில் இருக்கும். அப்பா போனில் அதைப் படமெடுத்து, நோட்டிலும் எழுதி வை. பெயரை செயின் கவரில் பெயின்டால் எழுதினால் திருடன் அழித்துவிடுவான். அதனால் மட்கார்டின் உள்பக்கம் ஒன்று எழுது. ஒரு காகிதத்தில் பெயரும் ஊரும் எழுதி பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, சீட்டைக் கழற்றி அந்தக் குழாய்க்குள் போட்டுவிடு. அதை வைத்தது உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்டேஷனில் ‘சைக்கிளுக்கெல்லாம் கேஸா?’ என்று சிரிக்கிறார்கள்.
*– நொந்தவர், கடலூர்*

சிரித்து முடிக்கும்வரை நில்லுங்கள். பிறகு பில், ஃபிரேம் நம்பர், போட்டோ மூன்றையும் மேஜை மேல் வைத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். புகாரில் சைக்கிள் நின்ற இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டு 303-வது பிரிவு. பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை மாட்டியவன், பொருளையோ விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவைதான் தண்டனை. மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்குள் திருடினால் அது 305, ஏழு ஆண்டுவரை சிறை. ‘வீட்டில் காணோம்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘கிரில் கேட்டுக்கு உள்ளே, மாடிப்படிக்குக் கீழே’ என்று எழுதுங்கள்.

வீட்டுப் பொருளுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. கவலை இல்லைதானே?
*– பாலிசிதாரர், மயிலாப்பூர்*

பாலிசியை எடுத்துப் படியுங்கள், பூதக்கண்ணாடியோடு. கன்னக்களவுக்கான பாலிசிகளில் ‘பலவந்தமாக நுழைந்து’ என்ற நிபந்தனை இருப்பது வழக்கம். அப்படி எழுதியிருந்தால் பலவந்தம் நடந்ததைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்திருக்கிறது. திறந்திருந்த கேட் வழியாக மரியாதையாக வந்து, மரியாதையாகத் தூக்கிப் போனால் காசு கிடைப்பது கஷ்டம். கதவை உடைக்கிற முரட்டுத் திருடன் வந்தால்தான் உங்களுக்கு யோகம்.

ஏர்டேக் ஒளித்து வைத்தால்?
*– ஐ.டி. ஊழியர், சிறுசேரி*

வையுங்கள், சீட்டுக்கு அடியில். ஆனால் அக்கம்பக்கத்தில் ஆப்பிள் போன்கள் இருந்தால்தான் அது இடம் காட்டும். திருடனுடைய போனுக்கே ‘உங்களோடு ஒரு ஏர்டேக் பயணம் செய்கிறது’ என்று தகவலும் போகக்கூடும். இடம் தெரிந்ததும் தனியாகக் கிளம்பாதீர்கள், போலீசோடு போங்கள். இன்னொன்று: ஸ்ட்ராவாவில் தினமும் சவாரியைப் பதிவேற்றுகிறீர்கள் அல்லவா? புறப்படும் இடத்தை மறைக்க அதிலேயே வசதி இருக்கிறது. அதைப் போடாவிட்டால் சைக்கிளின் மாடல், வீடு, நீங்கள் வெளியே போகும் நேரம் மூன்றையும் நீங்களே வெளியிட்டதாக ஆகும்.

25,000 ரூபாய் சைக்கிளை ஒருவர் 3,000-க்குத் தருகிறார். பில் இல்லையாம்.
*– அதிர்ஷ்டசாலி, சேலம்*

அந்த அதிர்ஷ்டத்துக்கு 317-வது பிரிவு என்று பெயர். திருட்டுப் பொருள் எனத் தெரிந்து வாங்கினால் மூன்று ஆண்டுவரை.

என் கணவர் சைக்கிளைப் படுக்கையறையில் நிறுத்துகிறார். கேட்டால் விலை 85,000 என்கிறார். நியாயமா?
*– இடம் இல்லாதவள், மடிப்பாக்கம்*

பாதுகாப்பு விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம், அம்மா. வீட்டுக்குள் இருப்பதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஆனால் படுக்கையறைதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஹால் சுவரில் ஒரு கொக்கி அடித்து, முன் சக்கரத்தால் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். செருப்பு அலமாரி பிடிக்கிற இடம்தான் பிடிக்கும். டயர் படும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினால் சுவரில் கறை விழாது. வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத சுவராக இருக்கட்டும். அந்த விலையை மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள். எனக்கே எழுதியிருக்க வேண்டியதில்லை.