எந்திரிச்சு நட, பேராண்டி

ஏலே பேராண்டி, முப்பதாயிரம் ரூவாய்க்கு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கியாமே? சுத்துது, சாயுது, ஏறுது, இறங்குது. எல்லாச் சோலியும் அதுதாம் பாக்குது. நீ எந்திரிக்கத்தான் மாட்டேங்க.

மணிக்கட்டுல ஒரு கடிகாரம் வேற. "எந்திரி"ன்னு அது கிர்ருங்கும். அதை ஒரு தட்டுத் தட்டி அடக்கிட்டு மறுபடி குனிஞ்சுக்கிடுத. இதையே உங்க ஆச்சி ஓசியில சொன்னா, தொணதொணக்கான்னு கதவைச் சாத்துத. காசு குடுத்து வாங்குனாத்தாம் புத்தியால?

உன் தலை 5 கிலோ பக்கம் வரும். நேரா வச்சிருந்தா கழுத்து தாங்கிக்கிடும். 60 டிகிரி குனிஞ்சா பாரம் 27 கிலோவாயிருதுன்னு டாக்டருமாரு கணக்குப் போட்டிருக்காவ. ஒரு சிப்பம் அரிசியைப் பிடரியில வச்சுக்கிட்டா போனைத் தடவுத?

வயக்காட்டு ஆளுக்கு வலியே கெடையாதுன்னு பீத்த மாட்டேன். நாத்து நட்ட பொம்பளையளைக் கேளு, இடுப்பு பட்ட பாட்டைச் சொல்லுவாவ. ஆனா அவுக நடுவுல வரப்பேறி, நிமிந்து, வெத்தலை போட்டு, ஒரு பாடு ஊர்க்கதை பேசிட்டுத்தாம் மறுபடி எறங்குவாவ. நீ ஒண்ணுக்கு வந்தாக்கூட அடக்கிக்கிட்டு மீட்டிங்குல இருக்க.

முதுகெலும்புக்கு இடையில வட்டு இருக்குல்லா? வளந்த ஆளுக்கு அதுக்குள்ள ரத்தஓட்டம் இல்லன்னே சொல்லலாம். நீ அசைஞ்சு நடந்தாத்தாம் அதுக்குச் சத்து ஊறும். உனக்கு வாசல் தேடிப் பிரியாணி வருது, அது பட்டினி கெடக்கு.

லேப்டாப்புக்கு அடியில புஸ்தகம் அடுக்கு. பரீட்சைக்கு வாங்கிப் பிரிக்காமலே வச்சிருக்கியே, அந்தத் தடிப் புஸ்தகந்தாம். திரையோட மேல்விளிம்பு கண்ணு மட்டத்துக்கு வரணும். தட்டுறதுக்குத் தனியா ஒரு கீபோர்டு. இடுப்புப் பள்ளத்துல துண்டைச் சுருட்டி வை. காலு தரைக்கு எட்டலியா? ஒரு மணையைப் போடு. பிறவு, மணி குறிச்ச அந்த ரெண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கி எறி. சின்னத் தம்ளர் போதும். தீந்தா அடுக்களைக்கு நடக்கணும்லா? அரைமணிக்கு ஒருக்கா நடந்தா அதுவே வைத்தியம்.

காலு மரத்துப் போகுது, கையில வலுவில்ல, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதுல சிக்கல்னா மட்டும் தைலத்தைத் தேச்சுக்கிட்டு இருந்திராத. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இப்ப ஆச்சி கருவேப்பிலை கேக்கா. கடை தெருமுனையிலதாம். வண்டிச் சாவியை வச்சிட்டு நடந்து போல.