கொன்றது மருந்தா, நானா?

கழிவுநீர்ப் பற்றீரியாவைக் கொல்வது லேசான வேலை. இன்ன மருந்துதான் கொன்றது என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. முதலாவதில் நான் கைதேர்ந்தவன். இரண்டாவதில் இன்னும் ‘எல்’ போர்ட்டைக் கழற்றவில்லை.

திருகோணமலையில் ஊர் முழுவதற்கும் பொதுவான கழிவுநீர்க் குழாய் கிடையாது. வீடுகளுக்கு மலக்குழி, நிறைந்தால் பவுசர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கிற பெரிய ஹோட்டல்கள்தான் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்கச் சின்னதாக பிளான்ட் வைத்திருக்கின்றன. அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்வது தொட்டிக்குள் காற்றூதி வளர்க்கிற கோப்பி நிறச் சேறு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று, ஒட்சிசனைக் குடித்து, தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லொக்கெட் என்ற இருவர் கண்டறிந்த முறை இது. போத்தலில் படிந்த சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றி ஊற்றிக் காற்றூதினார்கள். வாரக்கணக்கில் நடந்த சுத்திகரிப்பு மணிக்கணக்கில் முடிந்தது. அவர்கள் சேற்றை வளர்த்த வரலாறு அது. நான் சேற்றைக் கெடுத்த வரலாறு இனி வருவது.

கொரோனாவுக்குப் பிறகு கிருமிநாசினி படாத தரையே இல்லை என்றாகிவிட்டது. ஒரு ஹோட்டலில் தரை துடைக்கப் புதிய மருந்து வாங்கினார்கள். உள்ளே இருப்பது பென்சல்கோனியம் குளோரைட்டு. தரையிலுள்ள கிருமியைக் கொல்கிற மருந்து குழாய் வழியே பிளான்ட்டுக்குப் போனால் நல்ல கிருமியையும் கொல்லுமா என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்வி. அதைக் கொண்டுவந்து என்னிடம் கேட்டதுதான் பிழை.

பரிசோதனையின் அடிப்படை எளிது. உயிருள்ள சேறு மூச்சு விடும். ஒரு போத்தலில் சேறும் அதற்குத் தீனியும் மட்டும். மற்றப் போத்தல்களில் அதே சேறு, அதே தீனி, கூடவே மருந்து, படிப்படியாகக் கூடுகிற அளவில். மூன்று மணிநேரம் காற்றூதிவிட்டு, காற்றை நிறுத்தி, ஒட்சிசன்மானியைச் செருகி, எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மூச்சு பாதியாகிற அளவுதான் தேடுகிற விடை.

முதல் கோளாறு வழியிலேயே. பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிற கிண்ணியாக்கார நானா, கானில் சேற்றை அள்ளித் தரும்போதே சொன்னார்: “தம்பி, வாய் முட்ட நிரப்பாதீங்க. மூடியக் கொஞ்சம் தளர்த்தி வைங்க. அதுகளுக்கும் மூச்சு வேணும்தானே?” படித்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று வாய் முட்ட நிரப்பி இறுக்கி மூடினேன். மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, நிலாவெளி வீதியில் தேநீருக்கு வேறு நிறுத்தினேன். ஆய்வுகூடத்தில் மூடியைத் திருகியதும் அது கையை விட்டுத் துள்ளியது. நல்ல சேற்றுக்கு மழை நனைத்த மண்ணின் மணம். என் சேற்றுக்குக் கூழ்முட்டை நாற்றம். பக்கத்து மேசைக்காரர் அன்றைக்கு அரைநாள் லீவு போட்டார்.

அடுத்த தடவை கானைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். சேற்றைக் கழுவி எடுக்கச் சொல்கிறது இந்தப் பரிசோதனைக்கான வழிகாட்டி. குளோரின் இல்லாத தண்ணீரில் என்றும் சொல்கிறது. வசனத்தின் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டுக் குழாயைத் திறந்தேன்.

மருந்து படாத போத்தலை ‘கொன்ட்ரோல்’ என்பார்கள். அதிலுள்ள சேறு கிராமுக்கு மணிக்கு 20 மில்லிகிராம் ஒட்சிசனாவது குடிக்க வேண்டும் என்பது ஓ.ஈ.சி.டி. அமைப்பின் 209ஆம் இலக்க வழிகாட்டி போடுகிற நிபந்தனை. லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் சேறு விட்டிருந்தால், மானியின் எண் நிமிடத்துக்கு அரை மில்லிகிராமாவது இறங்கியாக வேண்டும். என்னுடையது 7.1இல் நின்றது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 7.0. மானி பழுது என்று தட்டினேன். வயரைக் கழற்றிப் பூட்டினேன். விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து ஏசியும் வைத்தேன். மானிக்கு ஒன்றுமில்லை. மருந்து வருவதற்கு முன்பே குழாய்த் தண்ணீரால் நான் காரியத்தை முடித்திருந்தேன்.

தீனியிலும் சோதனை. பெப்டோன், இறைச்சிச் சாறு, யூரியா, கொஞ்சம் உப்புகள். கரைத்துப் பார்த்தால் அசல் சூப்பின் நிறம். பெயர் எழுதி ஒட்டாமல் பொதுக் குளிர்பெட்டியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை விரதக்காரர் ஒருவர் அதை மரக்கறி சூப் என்று சூடாக்கப் போனார். நல்லவேளை, மூடியைத் திறந்ததும் மூக்கு காப்பாற்றியது. என்னோடு அவர் இப்போதும் அளந்துதான் பேசுகிறார்.

சேறு ஒழுங்கான சேறுதானா என்று அறிய, தெரிந்த நஞ்சு ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும். 3,5-டைகுளோரோபீனோல். லீற்றருக்கு 2 முதல் 25 மில்லிகிராமுக்குள் அது மூச்சைப் பாதியாக்க வேண்டும். தண்ணீரில் லேசில் கரையாத பண்டம். முதலில் காரத்தில் கரைக்க வேண்டும். நான் நேரே தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். தாளில் 30 மில்லிகிராம் என்று அழகாக எழுதியாயிற்று. நஞ்சோ போத்தலின் அடியில் வெள்ளைத் தூளாகக் குந்தியிருந்தது. சேறு உல்லாசமாக மூச்சு விட்டது. எங்கள் ஊர்ப் பற்றீரியா நஞ்சுக்கும் அசையாது என்று ஒரு பொழுது முழுக்கப் பெருமைப்பட்டுத் திரிந்தேன்.

பிறகு 2022 மார்ச் வந்தது. மாத முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. காற்றூதி நின்றது. 20 பாகையில் இருக்க வேண்டிய போத்தல்கள் அறையின் வெக்கைக்கு ஏறின. இதில் மட்டும் என் பங்கு இல்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் எனக்குப் பெரிய நிம்மதி; எது பிழைத்தாலும் கரண்டைச் சொல்லலாம்.

எல்லாம் ஒருவழியாகப் பழகி, கொன்ட்ரோல் மூச்சு விட்டு, நஞ்சு நஞ்சாக நடந்துகொண்ட ஒருநாளில் விடை கிடைத்தது. ஹோட்டல் பாவிக்கிற அளவில் மருந்தால் மூச்சு குறைந்ததாகவே தெரியவில்லை. “பாதிப்பில்லை” என்று அறிக்கை எழுதி ஒப்பமிட்டேன்.

அதன் பிறகு நானாவிடமிருந்து தொலைபேசி. “தம்பி, நீங்க பாதிப்பில்ல எண்டு எழுதியிருக்கீங்களாம். இஞ்ச கடைசித் தொட்டியில மூத்திர மணம் மூக்கத் துளைக்குது. நீங்க எந்தத் தொட்டியப் பாத்தீங்க?”

நான் பார்த்த தொட்டியில் பிழையில்லை. பிடித்திருந்த வழிகாட்டிதான் பழையது. கையிலிருந்த போட்டோக்கொப்பி 1984ஆம் ஆண்டுப் பதிப்பு. சேற்றின் மொத்த மூச்சை மட்டும் அளக்கச் சொன்னது. 2010இல் திருத்திய பதிப்பு, காபனைத் தின்னும் கூட்டத்தையும் அமோனியாவைத் தின்னும் கூட்டத்தையும் பிரித்துப் பார்க்க வழி சொல்கிறது. அலைல்தயோயூரியா என்ற பொருளைச் சேர்த்தால் இரண்டாவது கூட்டம் மட்டும் வேலையை நிறுத்தும். சேர்த்தும் சேர்க்காமலும் அளந்து கழித்தால் அமோனியாக்காரரின் மூச்சு தனியே தெரியும். காபன்காரர் முரடர், பெருந்தொகை. அமோனியாக்காரர் சிறுதொகை, மெல்ல வளர்பவர்கள், கொஞ்ச நஞ்சுக்கே சுருண்டுவிடுவார்கள். என் மருந்து அவர்களைத்தான் பிடித்திருந்தது. பெரிய கூட்டத்தின் மூச்சுச் சத்தத்தில் சின்னக் கூட்டத்தின் இழுப்பு எனக்குக் கேட்கவில்லை.

இது மணத்தோடு முடிகிற காரியமில்லை. நிலாவெளியின் மணல் தரையில் ஊற்றியது கிணற்றுக்கு இறங்க அதிக காலம் எடுக்காது. எதிரே கடலில் 2003இல் தேசியப் பூங்காவாக்கிய புறாத்தீவும் அதன் பவளப்பாறைகளும் இருக்கின்றன. மாறாத அமோனியா அங்கே போனால் பவளத்துக்கு ஆகாது. அறிக்கையைத் திருப்பி வாங்கினேன். மருந்தின் அளவைக் குறைத்தார்கள். மணம் அடங்கியது. எந்தக் கருவியும் இல்லாமல் மூக்கால் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்லப் போனேன். “மூடியத் தளர்த்தித்தானே கொண்டுபோறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

இப்படியான அறிக்கையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி வரியிலுள்ள “பாதிப்பில்லை”யைப் பார்த்துவிட்டுக் கோவையில் போடாதீர்கள். கொன்ட்ரோல் எவ்வளவு மூச்சு விட்டது, நஞ்சு எந்த அளவில் கொன்றது, அமோனியாவைத் தனியே பார்த்தீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவர் என்னைப் போன்றவர். அவரிடம் காசைத் திருப்பிக் கேளுங்கள்.