இடுப்பும் கிரிவலமும்: அயல்நாட்டு மாணவரின் வேட்டி குறித்து ஓர் ஆய்வு

அயல்நாட்டிலிருந்து படிக்க வருகிற மாணவர் தமிழ்ப் பண்பாட்டில் முங்கி எழ ஒரு நாள் ஒதுக்குவது வழக்கம். மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் நடத்தும் தமிழ் வகுப்பில் படிக்கும் ஒருவர், பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ராஜகோபுரம் 217 அடி, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாக வாங்கிய நாலு முழ வேட்டி அந்த 14 கிலோமீட்டரும் இடுப்பில் நிற்குமா என்பதை மட்டும் எந்தப் பாடநூலும் அவருக்குச் சொல்லவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகளால் பயனில்லை. வேலூருக்குப் போலீஸ் பயிற்சிக்கு வந்த ஹம்ஃப்ரீஸ் 1911-இல் திருவண்ணாமலை விருபாட்ச குகையில் ரமணரைச் சந்தித்தார். 1934-இல் பால் பிரண்டனின் நூல் இந்த ஊரை மேலைநாட்டாருக்குக் காட்டிக்கொடுத்தது. இருவரும் ஆன்மாவைத் தேடி வந்தவர்கள். இடுப்பை நமக்கு விட்டுவிட்டார்கள்.

நம் ஆய்வுக்கு வலுவான எதிர்ச்சான்று ரமணரேதான். மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பதினாறு வயது மாணவர் 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்தார். அன்றே அய்யங்குளத்தருகே வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டு, மிச்சத்தை வீசியெறிந்தார். 1950-இல் மறையும் வரை அவருக்கு வேட்டி அவிழும் கவலை இருக்கவில்லை. முழுமையான தீர்வுதான். ஆனால் ஒரு நாள் சுற்றுலா மாணவருக்கு இதைப் பரிந்துரைக்க நமக்குத் துணிவில்லை.

சட்டமும் கைகொடுக்காது. சென்னையில் கிரிக்கெட் கிளப் ஒன்றில் வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை என்று 2014-இல் பெரிய ரகளை ஆனது. அதே ஆண்டு சட்டசபை ஒரு சட்டமே இயற்றியது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கட்டியது வழியில் அவிழ்ந்தால் என்ன என்பது பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை.

இனி இயக்கவியல். வேட்டியை முடிச்சு தாங்குவதாக மாணவர் நினைக்கிறார். முடிச்சே கிடையாது. வயிற்றை எக்கிச் சுற்றி, முனையைச் செருகி, பிறகு வயிற்றை விட வேண்டும்; தாங்குவது அந்த விட்ட வயிறு. ஆகவே தொப்பை என்பது குறைபாடு அன்று, கட்டுமானப் பொருள். ஜிம்முக்குப் போய் வயிற்றைத் தட்டையாக்கி வந்த மாணவர் அடித்தளம் இல்லாமல் வீடு கட்டுகிறார். கஞ்சிப் பசை போகாத புது வேட்டி வேறு வழுக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கைக்கணக்கு. கும்பிட இரண்டு கை வேண்டும். வேட்டியைப் பிடிக்க ஒன்று. செல்போனுக்கு ஒன்று, ஏனெனில் வேட்டிக்குப் பாக்கெட் இல்லை. கழற்றிய செருப்பை விட்டுவர மனமில்லாதவருக்கு இன்னொன்று. சாலையில் மடித்துக் கட்டியதைச் சன்னதி முன் இறக்கிவிட வேண்டும் என்ற மரியாதையும் உண்டு. இறக்கும் நொடியில்தான் செருகல் தளரும். கிரிவலப் பாதையிலோ இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். எட்டு முறை இறக்கி, எட்டு முறை கும்பிட்டு, எட்டு முறை மடிக்க வேண்டும். அக்னி லிங்கத்தில் நிமிர்ந்து நடந்தவர், யம லிங்கத்துக்குள் ஒரு கையால் கும்பிடப் பழகிவிடுகிறார்.

ஆனால் தனியே விட மாட்டார்கள். இந்த ஊரில் பிறர் வேட்டி பொதுச்சொத்து. பூ விற்கும் அக்கா முதலில் குரல் கொடுப்பார்: “தம்பி, அவுருது பாரு!” உடனே முன்பின் தெரியாத ஒரு பெரியவர் கூட்டத்தை நிறுத்தி, நடுரோட்டில் மாணவரின் இடுப்பைக் கையிலெடுப்பார். “வயித்த எக்கு. இன்னும் எக்கு. இஸ்துப் புடி. இப்ப வுடு.” வகுப்பறையில் எந்தப் பேராசிரியரும் இவ்வளவு நெருங்கி நின்று பாடம் எடுத்ததில்லை. எடுத்தால் புகார் போகும். பெரியவரோ பேர்கூடக் கேட்காமல் சுக்குக் காப்பி குடிக்கப் போய்விடுவார்.

இறுதித் தேர்வு குபேர லிங்கத்தைத் தாண்டி, இடுக்குப் பிள்ளையாரிடம். குறுகிய வாசல்களில் படுத்து, ஒருக்களித்து, ஊர்ந்து வெளியே வர வேண்டும். உடல் முன்னே வரும். வேட்டி உள்ளேயே தங்க விரும்பும். அரைக்கால் சட்டையை உள்ளே போட்டு வந்தவர்கள் தேர்ச்சி. மற்றவர்கள் பின்னால் வருபவரின் நல்லெண்ணத்தில். பெல்ட் மாட்டியவர்களை இவ்வாய்வு கணக்கில் சேர்க்கவில்லை; பக்கிள் சிக்கிக்கொண்டு அவர்கள் இன்னும் வெளியே வந்தபாடில்லை.

லாட்ஜுக்குத் திரும்பிய மாணவர் கைலிக்கு மாறிப் படுத்தால் என்ன ஆகும் என்பது தனி ஆய்வுக்குரியது. இடுப்பில் கட்டிய கைலி விடிவதற்குள் எப்படிக் கழுத்துப் போர்வையாகிறது என்பதற்குப் பிறந்தது முதல் கைலி கட்டுகிறவர்களிடமே விடை இல்லை. நிதி ஒதுக்கினால் தொடர்வோம்.