ஏனையவை மாறாதிருக்க

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்திலே, உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவெடுத்துச் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்த ஒரு பிள்ளை, பொருளியலைத் தானே விரும்பி வரித்துக்கொண்டதாகச் சொல்லுவானாயின், அதனைச் சுயம்வரச் சருக்கத்தைக் கேட்கும் பக்தியோடு கேட்டுக்கொள்வதே முறை; குறுக்குக் கேள்வி கேட்கலாகாது. அந்தச் சுயம்வரத்திலே மாலையை ஏந்தி நின்றது இசட் புள்ளி என்பதும், நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், ஐந்து வீதம் கிளிநொச்சி போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று வகுக்கப்பட்ட இடங்களில் ஒன்று இவன் கழுத்துக்கு நேரே வந்து நின்றது என்பதும் ஊரறிந்த இரகசியங்கள்.

நம் கதாநாயகன் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்து முகாமைத்துவ பீடத்தைச் சேர்ந்தவன். அங்கே ஐந்தொகையின் இரு பக்கங்களும் தன் கையில் ஒருநாளும் சமப்பட மறுத்தமையால் கணக்கீட்டையும், முன்பின் தெரியாதவரிடம் பல்லைக் காட்டிப் பேசவேண்டியிருக்குமே என்ற கூச்சத்தால் சந்தைப்படுத்தலையும் கழித்து, எஞ்சி நின்ற வணிகப் பொருளியலைத் தன் பிறவிப் பயனென்று அறிவித்தான். இந்தப் பெயரில் ஒரு சௌகரியம் உண்டு. கலைப் பீடத்தாரிடம் தான் முகாமையாளன் என்றும், கணக்காளரிடம் தான் சிந்தனையாளன் என்றும் சொல்லிக்கொள்ளலாம். வேலை எங்கே என்று கேட்பவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் குழப்பலாம்.

அந்தப் பல்கலைக்கழகம் 1873இல் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் நிறுவிய வித்தியோதய பிரிவேனாவிலிருந்து, 1959இல் பல்கலைக்கழகமாகக் கிளைத்தது. துறவிகளின் கலாசாலையாகத் தோன்றிய இடத்திலே, மனித விருப்பங்கள் எல்லையற்றவை என்ற பாலபாடத்தோடு இவன் படிப்பு ஆரம்பமாயிற்று. ஆசையே சகலத்துக்கும் மூலமென்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை. ஒரு சாரார் அதனை அறுக்கச் சொல்ல, மற்றவர் அதற்கு வளைகோடு வரையச் சொல்கிறார்கள், அவ்வளவே.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியபோது இவன் உயர்தர மாணவன். தேநீர்க் கடையிலே பெரியவர்கள் இடம்விட்டு உட்காரவைத்து, "தம்பி, நாடு எப்பிடி வங்குரோத்தாகும்?" என்று கேட்டார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொடும்வரை அந்த ஆசனம் இவனுக்கு நிலைத்தது. தேசத்தின் துயரத்தால் இலாபமடைந்தவர்களின் பட்டியலில் இவனையும் சேர்க்கவேண்டுமென்பது என் அபிப்பிராயம். அடைந்ததென்னவோ இலவசத் தேநீர்தான்.

இப்போது விடுமுறைக்கு வந்தால், வாயைத் திறந்தவுடன் 'அமையச் செலவு' வந்து விழுகிறது. வரம்பு கட்ட வரச்சொன்னால், அந்த நேரத்தில் தான் வாசிக்கக்கூடிய அத்தியாயங்களின் பெறுமதியைக் கணக்கிடுகிறான். "அப்ப சோத்தையும் விட்டிட்டு வாசியன், அமையச் செலவு மிஞ்சும்," என்று தாயார் சொன்ன மறுகணம், எக்காரணம் பற்றியோ, மண்வெட்டி கைக்கு வந்துவிடுகிறது. அயல்வீட்டு ஆச்சி, "பாங்கில வேலையோ மேனை?" என்று கேட்டதற்கு, 1776இல் ஆடம் ஸ்மித் தொடங்கி 1936இல் கெய்ன்ஸ் ஈறாக அரைமணி நேரம் விரித்துரைத்தான். ஆச்சி பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்ப பாங்குதான்," என்று முடிவு கட்டி எழுந்து போனார்.

மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்து களத்திலே நெல் குவிந்திருந்தபோது, விலை விழுந்த செய்தி வந்தது. கூப்பிடாமலே வந்த நம் பொருளியலாளன், ஒரு சுள்ளியெடுத்து மண்ணிலே கேள்வி வளையியையும் நிரம்பல் வளையியையும் கீறி, "ஏனையவை மாறாதிருக்க, நிரம்பல் கூடினால் விலை இறங்கும், அப்பா," என்று விளக்கினான்.

தகப்பனார் கோட்டை உற்றுப் பார்த்தார். "இறங்கிறது எனக்கும் தெரியும் தம்பி. 2021இல உரத்தைத் தடை செய்ய விளைச்சல் விழுந்தது. இப்ப விளைச்சல் இருக்கு, விலை விழுந்திட்டுது. இறங்கேக்க விக்கிறதும் நாங்கள், பிறகு ஏறேக்க அரிசி வாங்கிறதும் நாங்கள். அதுக்கு என்ன கோடு?"

நெடுநேரம் யோசித்த பின், "அது மூன்றாம் வருஷப் பாடம்," என்றான் இவன்.

அதுவரை நெல்லை வைத்திருக்கக் களஞ்சியமுமில்லை, உழவு இயந்திரக்காரருக்குக் கொடுக்கவேண்டிய கூலிக்குத் தவணையுமில்லை. தகப்பனார் லொறிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்.